ஆறு வருடம், ஆறு மாதம்

சட்டதிட்டங்களை மொழிபெயர்த்துப் பிழைப்பவர்களுக்கு ஒரு பழக்கம் ஏற்பட்டுவிடும். வாக்கியத்தில் வேறு எதைப் பார்ப்பதற்கு முன்பும் அது எப்படி முடிகிறது என்று பார்ப்பார்கள். 'வேண்டும்' என்று முடிகிறதா, 'லாம்' என்று முடிகிறதா? 'வேண்டும்' என்றால் யாரோ ஒருவர் கட்டுப்பட்டாயிற்று. 'லாம்' என்றால் யாரோ ஒருவருடைய இஷ்டம். தில்லியில் 20 வருடமாக அரசாங்க ஆங்கிலத்தைத் தமிழாக்கிக்கொண்டிருக்கும் எனக்கு, ஒரு விதி யாருக்காக எழுதப்பட்டது என்பதைக் கண்டுபிடிக்க இதைவிடச் சுலபமான வழி தெரியாது.

2022 நவம்பரில் பல்கலைக்கழக மானியக் குழு முனைவர் பட்டத்துக்கான புதிய விதிமுறைகளை அரசிதழில் வெளியிட்டது. 2009, 2016க்குப் பிறகு, 13 வருடத்தில் மூன்றாவது முறை. தெரிந்த ஆய்வு மாணவர்கள் சிலர் கேட்டுக்கொண்டதால் அதைத் தமிழில் எழுதிக் கொடுத்தேன். காசு வராத வேலைதான். ஆனால் அந்த வாரம் முழுவதும் வேறு எதிலும் மனம் ஓடவில்லை. காரணம் பின்னால் சொல்கிறேன்.

அந்த விதிகளில் நல்லவை பல இருக்கின்றன. ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கும் முன் கட்டுரை வெளியிட்டிருக்க வேண்டும் என்ற 2016ஆம் வருட நிபந்தனை கைவிடப்பட்டது. இந்த நிபந்தனை என்ன செய்தது என்பது பல்கலைக்கழக வாசலில் டீக்கடை வைத்திருப்பவருக்குக்கூடத் தெரியும். பணம் கொடுத்தால் பத்தே நாளில் கட்டுரையைப் பிரசுரிக்கும் 'சர்வதேச' ஆய்விதழ்கள் முளைத்தன. யு.ஜி.சி.யே தன் அங்கீகாரப் பட்டியலிலிருந்து 2018 மே மாதம் 4,305 இதழ்களை நீக்க நேர்ந்தது. பெண் ஆய்வாளர்களுக்கு மகப்பேற்றுக்கும் குழந்தை வளர்ப்புக்குமாக 240 நாள்வரை விடுப்பு உண்டு. திருமணமாகி வேறு ஊருக்குப் போகிற பெண் தன் ஆய்வுத் தரவுகளை அந்த ஊர்ப் பல்கலைக்கழகத்துக்கு மாற்றிக்கொள்ளவும் வழி இருக்கிறது. வேலையில் இருப்பவர்கள் அலுவலகத்திலிருந்து தடையில்லாச் சான்று வாங்கிப் பகுதி நேரமாகச் சேரலாம்.

(240 நாள் விடுப்பைப் பற்றிய அந்த வாக்கியம் 'அளிக்கப்படலாம்' என்றுதான் முடிகிறது. அதையும் குறித்துவைத்துக்கொண்டேன்.)

என்னை நிறுத்தியவை இரண்டு 'ஆறு'கள்.

முதல் ஆறு, ஆய்வாளருக்கு. சேர்ந்த நாளிலிருந்து அதிகபட்சம் ஆறு வருடத்தில் ஆய்வை முடிக்க வேண்டும். மறுபதிவு செய்து மேலும் இரண்டு வருடம் கேட்கலாம். பெண்களுக்கும் 40 சதவீதத்துக்கு மேல் குறைபாடுள்ள மாற்றுத்திறனாளிகளுக்கும் இன்னும் இரண்டு வருடம் தரலாம். எப்படிக் கூட்டினாலும் பத்து வருடத்தைத் தாண்டக் கூடாது. இதற்கிடையில் ஒவ்வொரு பருவத்திலும் ஆய்வு ஆலோசனைக் குழுவின் முன்னால் போய் நின்று, செய்த வேலையைக் காட்ட வேண்டும். முன்னேற்றம் போதாது என்று குழு கருதி, சொன்ன திருத்தங்களையும் செய்யாமல் போனால், பதிவை ரத்து செய்யப் பரிந்துரைக்கலாம். எல்லாம் தெளிவாக இருக்கிறது. தவறினால் என்ன ஆகும் என்பது உட்பட.

இரண்டாவது ஆறு, பல்கலைக்கழகத்துக்கு. சமர்ப்பித்த ஆய்வேட்டைத் தேர்வாளர்களுக்கு அனுப்பி, அறிக்கைகளை வாங்கி, வாய்மொழித் தேர்வு நடத்தி, முடிவை அறிவிக்க ஆறு மாதம். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் வினைமுற்றைப் பாருங்கள். ஆறு மாதத்துக்குள் 'முடிக்க வேண்டும்' என்று விதி சொல்லவில்லை. ஆறு மாதத்துக்குள் முடிப்பதற்குத் 'தகுந்த வழிமுறைகளை உருவாக்க வேண்டும்' என்கிறது. 2016ஆம் வருட விதியிலும் இதே வாசகம்தான். வழிமுறையை உருவாக்கிவிட்டால் கடமை தீர்ந்தது. ஆறு மாதம் அறுபது மாதமானாலும் விதியை யாரும் மீறியதாக ஆகாது. தவறினால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு வரிகூட இல்லை.

ஒரே விதிப் புத்தகத்தில், ஒரே மேஜையின் இந்தப் பக்கம் இருப்பவருக்கு ஒரு கணக்கு, அந்தப் பக்கம் இருப்பவருக்கு வேறு கணக்கு. மாணவரின் காலம் எண்ணப்படுகிறது. பல்கலைக்கழகத்தின் காலம் எண்ணப்படுவதில்லை.

இது வெறும் இலக்கண ஆராய்ச்சி என்று நினைப்பவர்களுக்கு என் கதையைச் சொல்ல வேண்டும்.

2010இல் வட இந்தியப் பல்கலைக்கழகம் ஒன்றின் தமிழ்ப் பிரிவில் பகுதி நேர ஆய்வாளராகப் பதிவு செய்தேன். பிரிவு என்றால் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். இரண்டு ஆசிரியர்கள், ஒரு அறை, ஒரு பீரோ. நான் எடுத்துக்கொண்டது காண்டேகர். மராத்தியில் எழுதிய வி. ஸ. காண்டேகருக்கு 1974இல் ஞானபீடப் பரிசு கிடைத்தது. ஆனால் அதற்குப் பல வருடங்களுக்கு முன்பே அவரைத் தமிழர்கள் தங்கள் எழுத்தாளராகவே ஆக்கிக்கொண்டுவிட்டார்கள். அதைச் செய்தவர் கா. ஸ்ரீ. ஸ்ரீ. என்ற மொழிபெயர்ப்பாளர். என் பாட்டி தலையணைக்கு அடியில் வைத்திருந்த புத்தகத்தில் காண்டேகர் பெயர் இருந்தது. அவர் தமிழர் இல்லை என்பது பாட்டிக்குக் கடைசிவரை தெரியாது. ஒரு மொழிபெயர்ப்பு எப்படி இந்த அளவுக்குத் தன்னை மறைத்துக்கொண்டது என்பதுதான் என் ஆய்வுக் கேள்வி. மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட எனக்கு அது தொழில் ரகசியமும்கூட.

பகலில் அலுவலகம், இரவில் காண்டேகர். வருடாந்திர விடுப்பையெல்லாம் சேர்த்துவைத்து, சென்னையில் ரோஜா முத்தையா நூலகத்தில் பழைய பதிப்புகளைப் புரட்டப் போவேன். மூன்று வருடத்தில் நான்கு இயல்கள் எழுதி முடித்தேன். இன்னும் இரண்டு பாக்கி.

2013 ஜூனில் என் நெறியாளர் ஓய்வு பெற்றார். இது திடீரென்று நடக்கிற விஷயமல்ல. அரசு ஊழியரின் ஓய்வுத் தேதி அவர் வேலையில் சேருகிற அன்றே தெரிந்துவிடுகிறது. இருந்தாலும் நெறியாளர் மாற்றத்துக்கான என் விண்ணப்பம் அந்த நாளுக்குப் பிறகுதான் நகரத் தொடங்கியது. பிரிவிலிருந்து துறைக்கு, துறையிலிருந்து புலத்துக்கு, புலத்திலிருந்து ஆய்வுக் குழுவுக்கு. குழு வருடத்துக்கு இரண்டு முறை கூடும். முதல் கூட்டத்தில் நேரம் போதவில்லை. அடுத்த கூட்டம் தள்ளிப்போயிற்று. அலுவலகத்தில் விசாரிக்கப் போனால், "ஃபைல் ஊபர் கயீ ஹை, மேடம்" என்பார் அங்கிருந்த பெரியவர். ஃபைல் மேலே போயிருக்கிறது. அவர் பொய் சொல்லவில்லை. தரைத்தளத்தில் இருந்த அவருக்கு எல்லா ஃபைலுமே மேலேதான் போயின.

14 மாதம் எனக்கு நெறியாளர் இல்லை. நெறியாளர் இல்லை என்றால் கையெழுத்து இல்லை. கையெழுத்து இல்லை என்றால் வெளியூர் நூலகங்களுக்கு அறிமுகக் கடிதம் இல்லை, எழுதியதைக் காட்ட ஆளும் இல்லை. வருடாந்திரக் கட்டணம் கட்ட மட்டும் நெறியாளர் தேவைப்படவில்லை. அதைக் கட்டினேன். 2014 ஆகஸ்டில் புதிய நெறியாளர் வந்தார். அதற்கு அடுத்த மாதம் ஒரு கடிதமும் வந்தது: இரண்டு அரையாண்டு முன்னேற்ற அறிக்கைகளை நெறியாளரின் ஒப்புதலோடு ஏன் சமர்ப்பிக்கவில்லை என்று விளக்கம் கேட்டு.

அந்தப் பல்கலைக்கழகத்தின் விதிப்படி ஐந்து வருடம், அதற்கு மேல் ஒரு வருட நீட்டிப்பு. 2015இல் நான் கேட்டது நீட்டிப்பு அல்ல. எனக்கு நெறியாளர் இல்லாத 14 மாதத்தைக் கணக்கிலிருந்து கழித்துக்கொள்ளுங்கள் என்றுதான் கேட்டேன். அதற்கு விதியில் இடமில்லை என்றார்கள். ஒரு வருட நீட்டிப்பு கிடைத்தது. புதிய நெறியாளர் நல்லவர். ஆனால் அவருக்கு அவருடைய ஆய்வுமுறை. நான்கு இயல்களையும் அந்த முறைப்படி திருப்பி எழுத வேண்டியிருந்தது. நியாயமான கோரிக்கைதான். நேரம் இருந்திருந்தால் ஆய்வேடுகூட மேம்பட்டிருக்கும். 2016 ஜூலையில் காலம் முடிந்தது. ஆகஸ்ட் இரண்டாவது வாரம் பதிவு ரத்தான கடிதம் வந்துவிட்டது. நெறியாளரை மாற்ற 14 மாதம் எடுத்துக்கொண்ட அலுவலகம், என்னை வெளியேற்ற நான்கு வாரம்கூட எடுத்துக்கொள்ளவில்லை.

அந்த 14 மாதம் கைக்கு வந்திருந்தால் முடித்திருப்பேனா? முடித்திருப்பேன் என்றுதான் நம்புகிறேன். நிரூபிக்க வழியில்லை. ஆனால் நிரூபிக்கும் வாய்ப்பே எனக்குத் தரப்படவில்லை என்பதுதான் இங்கே விஷயம்.

எனக்கு முதல் 'ஆறு' என்றால், என் தோழிக்கு இரண்டாவது. வேறொரு பல்கலைக்கழகத்தில் வரலாற்றில் ஆய்வு செய்தாள். எல்லாக் கெடுவுக்கும் முன்னதாகவே முடித்து, 2016 டிசம்பரில் ஆய்வேட்டைச் சமர்ப்பித்தாள். விடுதி அறையைக் காலி செய்தாள். உதவித்தொகையும் அத்தோடு முடிந்தது. யு.ஜி.சி.யின் இளநிலை, முதுநிலை ஆய்வு உதவித்தொகை இரண்டையும் சேர்த்து இன்றைக்கும் அதிகபட்சம் ஐந்து வருடம்தான். அதற்கு மேல் காத்திருப்பது சொந்தச் செலவில். ஊரில் அம்மா வீட்டில் உட்கார்ந்துகொண்டு வாய்மொழித் தேர்வுக்கு நாள் குறிப்பார்கள் என்று எதிர்பார்த்தாள். ஆறு மாதம் போயிற்று. ஒன்பது மாதம் போயிற்று. உதவிப் பேராசிரியர் வேலைக்கு இரண்டு விளம்பரங்கள் வந்தன. "ஆய்வேடு சமர்ப்பிக்கப்பட்டுள்ளது" என்று எழுதி விண்ணப்பித்தாள். பட்டம் பெற்றவர்களின் வரிசைக்குப் பின்னால் அந்த விண்ணப்பங்கள் நின்றன.

பதினோராவது மாதம் அவளுக்கு நான் ஒரு யோசனை சொன்னேன். பத்து ரூபாய் போஸ்டல் ஆர்டர் வைத்து, தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் ஒரு மனு போடு: என் ஆய்வேடு இப்போது எங்கே இருக்கிறது? எந்தத் தேதியில் எந்தத் தேர்வாளருக்கு அனுப்பப்பட்டது? எத்தனை நினைவூட்டல் கடிதங்கள் போயின?

28ஆம் நாள் பதில் வந்தது. ஒரு தேர்வாளரின் அறிக்கை எப்போதோ வந்துவிட்டது. இன்னொருவருக்கு அனுப்பியது அவருடைய பழைய முகவரிக்கு. அவர் அந்தக் கல்லூரியை விட்டுப் போய் வெகுநாளாகியிருந்தது. நினைவூட்டல்: ஒன்று. அதுவும் பழைய முகவரிக்கே. அதன் பிறகு வேறொரு தேர்வாளர், வேறொரு சுற்று. 2018 ஜூலையில் வாய்மொழித் தேர்வு நடந்தது. மொத்தம் 19 மாதம். தேர்வு 40 நிமிடத்தில் முடிந்துவிட்டது. எல்லோரும் பாராட்டினார்களாம்.

இந்தக் கதையில் என்னை யோசிக்கவைப்பது 19 மாதமல்ல; அந்த 28 நாள். அதே பல்கலைக்கழகம், அதே அலுவலகம், அதே குமாஸ்தாக்கள். ஆய்வேட்டுக்கு 11 மாதம் அசையாத கை, மனுவுக்கு 28 நாளில் எப்படி அசைந்தது? காரணம் எளிது. 2005ஆம் வருடத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 30 நாள் கெடு இருக்கிறது. அதோடு, நியாயமான காரணமின்றித் தாமதித்தால் சம்பந்தப்பட்ட அதிகாரிக்கு நாளொன்றுக்கு 250 ரூபாய் வீதம் 25,000 ரூபாய்வரை அபராதம் என்ற பிரிவும் இருக்கிறது. அபராதம் உண்மையில் எத்தனை பேருக்கு விதிக்கப்படுகிறது என்பது வேறு விஷயம். அந்த வரி இருக்கிறது என்பதே போதுமானதாக இருந்தது. அதிகாரிகளைக் கட்டுப்படுத்தும்படி விதி எழுத நம் நாட்டில் யாருக்கும் தெரியாது என்று சொல்ல முடியாது. தெரியும். இந்த இடத்தில் எழுதவில்லை.

பல்கலைக்கழகங்களின் தரப்பையும் சொல்ல வேண்டும். காலியிடங்கள் நிரப்பப்படுவதில்லை. இருக்கிற பேராசிரியர்களிடம் நாலைந்து பல்கலைக்கழகங்களின் ஆய்வேடுகள் வந்து குவிகின்றன. 300 பக்கத்தைப் பொறுப்பாகப் படித்து அறிக்கை எழுதக் கிடைக்கும் மதிப்பூதியம் சொற்பம். தேர்வாளர் பதிலே போடவில்லை என்றால் பதிவாளர் என்ன செய்ய முடியும்? மாணவர்களுக்குக் கெடு வைத்ததற்கும் நியாயம் உண்டு. பத்து, பதினைந்து வருடம் பதிவை மட்டும் வைத்துக்கொண்டு ஒரு வரியும் எழுதாதவர்களை எனக்கே தெரியும். பேராசிரியர் ஒருவர் ஒரே சமயத்தில் எட்டுப் பேருக்கும், இணைப் பேராசிரியர் ஆறு பேருக்கும், உதவிப் பேராசிரியர் நான்கு பேருக்கும் மேல் வழிகாட்டக் கூடாது என்று உச்சவரம்பு இருக்கும்போது, ஒருவர் எழுந்தால்தான் இன்னொருவர் உட்கார முடியும். 2017இல் ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகம் இந்த வரம்பை அமல்படுத்தியபோது ஆய்வு மாணவர் சேர்க்கை எவ்வளவு சுருங்கியது, அதற்கு எவ்வளவு போராட்டம் நடந்தது என்பதெல்லாம் நினைவிருக்கும்.

இவை எல்லாம் உண்மையான சிரமங்கள். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். சிரமம் மாணவருக்கும் உண்டு. அவருக்கும் வேலை இருக்கிறது, பிள்ளைகள் இருக்கிறார்கள், உடம்புக்கு முடியாமல் போகிறது. அவருடைய சிரமத்தையும் மீறிக் கெடு அவரைக் கட்டுகிறது. பல்கலைக்கழகத்தின் சிரமம் மட்டும் கெடுவைத் தளர்த்திவிடுகிறது. இதில் எது நியாயம்?

2022 விதியில் என்னைப் போன்றவர்களுக்காகவே எழுதியதுபோல ஒரு பகுதி இருக்கிறது. ஓய்வுக்கு மூன்று வருடத்துக்கும் குறைவாக இருக்கும் ஆசிரியர் புதிய ஆய்வாளர்களை ஏற்கக் கூடாது. ஏற்கெனவே ஏற்றவர்களுக்கு ஓய்வுக்குப் பிறகும் 70 வயதுவரை இணை நெறியாளராகத் தொடரலாம். நல்ல ஏற்பாடு. ஆனால் இணை நெறியாளர் இருக்க வேண்டும் என்றால் முதன்மை நெறியாளர் ஒருவர் இருந்தாக வேண்டும். தமிழ்நாட்டுக்கு வெளியே ஓரிரு ஆசிரியர்களோடு நடக்கும் சின்னத் தமிழ்ப் பிரிவுகளில் அவரை எங்கே தேடுவது? புதிய நெறியாளரை எத்தனை நாளுக்குள் நியமிக்க வேண்டும் என்று விதி சொல்லவில்லை. நியமிக்கும்வரை ஆகும் காலம் யார் கணக்கில் என்றும் சொல்லவில்லை. சொல்லாவிட்டால் அது மாணவர் கணக்கில்தான்.

சரி, என்ன செய்யலாம்? பெரிய சீர்திருத்தம் எதுவும் தேவையில்லை. மூன்று வாக்கியங்கள் போதும். ஆய்வாளரின் விண்ணப்பம் பல்கலைக்கழகத்தின் பரிசீலனையில் இருந்து, அதனால் அவர் ஆய்வைத் தொடர முடியாமல் போகும் நாள்கள் அவருடைய ஆறு வருடத்தில் சேராது. தேர்வாளர் குறிப்பிட்ட நாளுக்குள் அறிக்கை தராவிட்டால் ஆய்வேடு தானாகவே பட்டியலில் உள்ள அடுத்தவருக்குப் போகும். ஆய்வேடு எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்பதைத் தேதியோடு பல்கலைக்கழகம் தன் இணையதளத்தில் போட வேண்டும். காப்பி அடிப்பதைக் கண்டுபிடிக்க மென்பொருள் வாங்க முடிகிறது. 10 சதவீதம், 40 சதவீதம், 60 சதவீதம் என்று 2018இல் தண்டனைப் படிகள் வகுக்க முடிந்தது. ஒரு ஃபைல் எந்த மாடியில் இருக்கிறது என்று சொல்ல முடியாதா?

அதுவரை, இப்போது பதிவு செய்திருப்பவர்களுக்குப் பட்டுத் தெரிந்துகொண்ட ஒரு விஷயம் சொல்கிறேன். பல்கலைக்கழகத்துக்குக் கொடுக்கும் ஒவ்வொரு தாளுக்கும் ஒரு நகல் எடுத்து, அதில் தேதியோடு கூடிய முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். நெறியாளரின் ஓய்வுத் தேதியைச் சேருகிற அன்றே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். இதை மரியாதைக் குறைவு என்று எந்த நல்ல ஆசிரியரும் நினைக்க மாட்டார். சமர்ப்பித்து ஆறு மாதம் தாண்டினால் அலுவலகத்தில் போய்க் கெஞ்சாதீர்கள், மனுப் போடுங்கள். உங்கள் நாள்களை அவர்கள் எண்ணுகிறார்கள். அவர்களுடைய நாள்களை நீங்கள்தான் எண்ண வேண்டும்.

என் நான்கு இயல்கள் இன்னும் என்னிடம் இருக்கின்றன. அவற்றில் இரண்டைத் திருத்திக் கட்டுரைகளாக வெளியிட்டேன். மற்ற இரண்டும் வேலை கேட்டுக்கொண்டிருக்கின்றன. காண்டேகரைப் பற்றி எழுத எனக்குப் பட்டம் தேவையில்லை, கா. ஸ்ரீ. ஸ்ரீ.யைப் படிக்கவும் தேவையில்லை. தோழி ஒரு தனியார் கல்லூரியில் பாடம் நடத்துகிறாள். அவளிடமே இப்போது ஆய்வேடுகள் மதிப்பீட்டுக்கு வருகின்றன. வந்த மூன்று வாரத்துக்குள் அறிக்கையை அனுப்பிவிடுகிறாள். எந்த விதியும் அவளைக் கட்டாயப்படுத்தவில்லை.